பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஒஸ்லோவுக்கு வந்து சேரும் எங்கள் பிள்ளைகளின் வாயில், நோர்வேஜிய மொழி சரியாக நுழையுமுன்பே ஒரு பெயர் நுழைந்துவிடுகிறது. அதுதான் வோலரெங்கா. நகரின் கிழக்கே உள்ள பழைய தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் பெயர் அது. 1913இல் தொடங்கப்பட்ட உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரும் அதுவே. நோர்வேயின் முதற்தரப் பிரிவில் 1965, 1981, 1983, 1984, 2005 என ஐந்து தடவை சம்பியனான கழகம். 1992 முதல் தொடர்ந்து 13 வருடம் வென்று வந்த துரொண்ட்ஹைம் நகரத்து ரூசன்போர்க்கின் ஆதிக்கத்தை 2005இல் முறித்ததும் இந்தக் கழகம்தான்.

அப்படிப்பட்ட கழகம் 2023இல் முதற்தரப் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. அந்தக் கதையை இங்கே எழுதுவதற்குக் காரணம் ஆட்டம் மட்டுமல்ல. தோற்றபின் யாரைக் குற்றம் சொல்வது, வென்றபின் யாரைப் பாராட்டுவது என்ற கணக்கு எங்கள் சமூகத்துக்குள்ளும் அடிக்கடி பிழைத்துப்போகிறது. அதனால் எங்கள் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள்.

என்ன நடந்தது?

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதற்தரப் பிரிவில் 16 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 30 ஆட்டங்கள். வசந்த காலத்தில் தொடங்கிக் கார்த்திகை, மார்கழிவரை போகும். கடைசி இரண்டு இடங்களில் வரும் அணிகள் நேரே இறங்கிவிடும். 14ஆம் இடத்தில் வரும் அணி, இரண்டாம் பிரிவிலிருந்து ஏறத் துடிக்கும் ஓர் அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடித் தன் இடத்தைக் காப்பாற்ற வேண்டும்.

2023இல் வோலரெங்கா 14ஆவதாக வந்தது. எதிரே நின்றது மேற்குக் கரையிலுள்ள கிறிஸ்தியான்சுண்ட். கருவாட்டுக்குப் பெயர்போன சிறிய பட்டினம். இரண்டு ஆட்டங்களிலும் முடிவு காண முடியாமல், தண்ட உதையில் வோலரெங்கா தோற்றது. தலைநகரின் பெரிய கழகம் கீழே போயிற்று.

பழி யார்மேல் விழுந்தது?

முதற்பழி வழக்கம்போலப் பயிற்றுநர்மேல் விழுந்தது. டாக் எய்லிவ் ஃபாகர்மூ என்பவர் அந்த வருட நடுவிலேயே நீக்கப்பட்டார். இதே மனிதர்தான் 2020இல் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர். அவருக்குப்பின் கெய்ர் பாக்கே வந்தார். அவராலும் அந்த வருடம் அணியைக் காப்பாற்ற முடியவில்லை. தண்ட உதையைத் தவறவிடும் ஆட்டக்காரனின் நிலைமை இதைவிட மோசம். அவனுடைய அந்த ஓர் உதையைப் பார்த்தவர்கள் பத்து வருடம் சென்றாலும் மறக்கமாட்டார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 30 ஆட்டம், ஒரு வெற்றிக்கு 3 புள்ளி, மொத்தம் 90 புள்ளிகள் கிடைக்கக்கூடிய போட்டி இது. சித்திரை மாதத்தில் கடைசி நிமிடத்தில் விட்ட ஒரு கோலும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஆடி மாதத்தில் சமநிலையில் முடிந்த ஆட்டமும் இருக்கிறது. யாரை வாங்குவது, யாரை விற்பது என்று நிர்வாகம் எடுத்த முடிவுகளும் இருக்கின்றன. எட்டு மாதக் கடனைக் கடைசி நாளில் ஒரு பெடியன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

பாராட்டவேண்டியவர்கள் எங்கே?

அதே 2023இல், அதே கழகத்தின் பெண்கள் அணி நோர்வேச் சம்பியனானது. பயிற்றுநர் நில்ஸ் லெக்ஸரூட். மறுவருடமும் அவர்களே சம்பியன். 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கில் ஆர்சனல், பயர்ன் மூன்சன், யுவென்ரஸ் அணிகள் இருந்த பிரிவிலும் விளையாடினார்கள். ஆனால் 'வோலரெங்காவுக்குக் கெட்ட வருடம்' என்று பேசியவர்கள் பலர் இந்தப் பெண்களை எண்ணவே இல்லை. ஒரு வீட்டில் மகன் சோதனையில் தவறிய அன்று மகள் முதலாவதாக வந்தால், அந்த வீட்டில் முழுக்க இழவு கொண்டாடுவதா?

இன்னொரு செய்தியும் உண்டு. அதே வருடம் ஒஸ்லோவின் ஏக்கபார்க் பக்கத்துச் சின்னக் கழகமான கோ-எஃப்-ஊ-எம், தன் வரலாற்றில் முதல் தடவையாக முதற்தரப் பிரிவுக்கு ஏறியது. 2024இல் தலைநகரின் பெயரை அந்தப் பிரிவில் காப்பாற்றியது அதுதான்.

விழுந்தபின் என்ன செய்தார்கள்?

வோலரெங்கா நிர்வாகம் பாக்கேயைத் துரத்தவில்லை. அவரையே வைத்துக்கொண்டு 2024இல் இரண்டாம் பிரிவில் ஆடியது. அந்தப் பிரிவை வென்று ஒரே வருடத்தில் மேலே வந்தது. ஆதரவாளர்கள் பலர் கீழ்ப்பிரிவு ஆட்டங்களுக்கும் பாட்டோடும் கொடியோடும் போனார்கள். இது இந்தக் கழகத்துக்குப் புதிதும் அல்ல. 1996இல் இறங்கியவர்கள், 1997இல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே ஸ்துரம்ஸ்கூட்ஸெத்தை 4-2 என வென்று நோர்வேக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

நாட்டின் தேசிய அணியின் கதையும் இதைப்போன்றதே. 2023 ஆனி 17ஆம் திகதி உல்லவோல் மைதானத்தில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக நோர்வே 1-0 என்று முன்னணியில் நின்றது. 84ஆவது நிமிடத்தில் ஏர்லிங் ஹோலண்டைப் பயிற்றுநர் ஸ்டோலே சொல்பாக்கன் வெளியே எடுத்தார். பிறகு சில நிமிடங்களுக்குள் இரண்டு கோல். 1-2 எனத் தோல்வி. அந்தத் தகுதிகாண் போட்டிகளில் நோர்வே மூன்றாவதாக வந்தது. சொல்பாக்கனைப் போகச்சொல்லிப் பலர் சத்தமிட்டார்கள். அவரை வைத்திருந்தார்கள். 2025இல் அதே பயிற்றுநரின்கீழ் எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்று, 1998க்குப் பிறகு முதல் தடவையாக நோர்வே உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. எல்லாப் பயிற்றுநரையும் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதல்ல எங்கள் வாதம். கோபம் ஆறுமுன் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதுதான்.

இனி எங்கள் பக்கம்

உதைபந்து எங்களுக்கு இங்கே வந்து பழகிய விளையாட்டு அல்ல. குருநகர், நாவாந்துறை, இளவாலைப் பக்கத்து ஆட்கள் மத்தியில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஊரிலும் ஆட்டம் முடிந்தபின் மதிலோரத்தில் நின்று வழக்குத் தீர்ப்போம். பந்துகாப்பாளன் நித்திரை, மத்தியஸ்தர் கள்ளன், மைதானம் சரிவு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது அங்கே அன்று பின்னேரத்தோடு முடிந்துவிடும். இங்கே அப்படி முடிவதில்லை. ஒரு சுற்றுப்போட்டியில் தோற்றால் பொதுக்கூட்டம், கூட்டத்தில் வாக்குவாதம், அடுத்த வருடம் ஒரு கழகம் இரண்டு கழகம். ஆட்டக்காரர்களின் தொகை மட்டும் பழைய தொகைதான்.

பிள்ளைகளின் அணிகளில் நிலைமை இதைவிடக் கவனிக்கத்தக்கது. குரூருட் பள்ளத்தாக்கில் ஸ்தொவ்னர், ஃபூருசெத், ரொம்ஸோஸ் எங்கும் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். புதிதாக வந்த பெற்றோர் அறியவேண்டிய மூன்று விடயங்கள் உண்டு.

முதலாவது, சின்னப் பிள்ளைகளின் பயிற்றுநர் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. அணியிலுள்ள ஒரு பிள்ளையின் தகப்பனோ தாயோதான். வேலை முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிவருகிற ஆள். நோர்வேஜியர் இதை டுக்னாட் என்பார்கள். எங்கள் பாசையில் ஊர்கூடித் தேர் இழுப்பது. தேர் நின்றுவிட்டது என்று, வடம் பிடித்தவனையே திட்டினால் அடுத்த திருவிழாவுக்கு யார் வருவார்?

இரண்டாவது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளிப்பட்டியல் வைப்பதில்லை. நோர்வே விளையாட்டுச் சம்மேளனத்தின் சிறுவர் விதி அப்படி. பட்டியலே இல்லாத இடத்தில், கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டு, வீடு திரும்பும் ரி-பானேயில் பிள்ளையை விசாரணை செய்வதில் அர்த்தமில்லை. மொழி தெரியாமல் வந்த பிள்ளைக்குப் பந்து கேட்டுக் கத்துவதே முதல் நோர்வேஜிய வசனமாகிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை மைதானத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பழிக்குப் பயந்து அந்தப் பிள்ளை விலகினால், அதனால் வரும் நட்டம் ஓர் ஆட்டத் தோல்வியைவிடப் பெரியது.

மூன்றாவது, புள்ளி குறைந்தால் பந்தைப் பழிசொல்லும் பழக்கம். 'விளையாட்டால்தான் படிப்புக் கெட்டது' என்று சப்பாத்தை எடுத்து ஒளித்துவைக்கிற வீடுகள் உண்டு. பெண்பிள்ளை என்றால் இந்தத் தீர்ப்பு இன்னும் விரைவாக வரும். படிப்புக் குறைந்ததற்கு மொழிச் சிக்கல் காரணமாகலாம். ஒரே அறையில் நாலுபேர் இருந்து படிப்பது காரணமாகலாம். இரவு வேலையால் பெற்றோர் வீட்டுப்பாடம் பார்க்க முடியாதது காரணமாகலாம். இவற்றையெல்லாம் எண்ணாமல் பந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் படிப்பும் திருந்தாது, விளையாட்டும் போய்விடும்.

வருட முடிவில் உங்கள் கழகத்திலோ பிள்ளையின் அணியிலோ பெற்றோர் கூட்டம் நடக்கும். அங்கே நாலு கேள்விகளைக் கேட்கும்படி எங்கள் வேண்டுகோள். இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் தொடங்கினார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள்? பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்கள் யார்? தோல்விகள் எந்த மாதத்தில், எதனால் கூடின? பெயர் சொல்லப்படாமல் வேலை செய்தவர்கள் யார்?

கடைசிக் கேள்விக்கு விடை எப்போதும் நீளமாக இருக்கும். பனியில் நனைந்த சீருடையைத் தோய்த்துக் காயவைத்த தாய், காலை வேலை முடித்து நேரே வந்து பிள்ளைகளைக் காரில் ஏற்றிய தகப்பன், கோப்பியும் வாபிளும் விற்றுக் கழகத்துக்குக் காசு சேர்த்த பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவி. இவர்களில் ஒருவருக்கும் கிண்ணம் கிடையாது. கூட்டத்தில் முதலில் இவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். பழி யாருக்கு என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம். அப்போது அதன் சத்தம் தானாகவே குறைந்திருக்கும்.