கொட்டியாரக் குடாவும் திருமலைச் சந்தையும்

உலகத்து இயற்கைத் துறைமுகங்களுள் சிறந்தவற்றை எண்ணப் புகுந்தோர் திருகோணமலையை விட்டு எண்ணுவது அரிது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அதன்மேல் கண்வைத்தனர். அத்துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும், கோட்டையைப் பற்றியும், கோணேசர் கோயில் கொண்ட மலையைப் பற்றியும் எழுதப்பட்டவை பல. ஆனால் அந்நகரத்து மக்கள் இன்று மத்தியானம் என்ன சமைத்தார்கள், அதற்கு வேண்டிய பொருள் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக வந்தது என்ற சிறிய கேள்வியை அவை பெரும்பாலும் கேட்பதில்லை. இன்றைய பேச்சில் அச்சிறிய கேள்வியையே நாம் கேட்க இருக்கின்றோம். நேயர்கள் கையில் ஒரு பையை எடுத்துக்கொண்டு நம்மோடு சந்தைக்கு வரவேண்டும்.

முதலில் நகரம் அமைந்திருக்கும் நிலத்தை நோக்குவோம். கிழக்கே வெளிக்கடல், மேற்கே உட்துறைமுகம், இடையிலே ஒடுங்கியதொரு நிலத்துண்டு. பாறையும் மணலுமான அத்துண்டில் தென்னை நிற்கும், முருங்கை நிற்கும், நெல் விளையாது. ஆகவே இந்நகரம் தன் சோற்றுக்கு என்றுமே அயலூர்களை நம்பி வந்திருக்கின்றது. தென்மேற்கே தம்பலகாமமும் கந்தளாயும். வடக்கே நிலாவெளியும் குச்சவெளியும். தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையோரமாகக் கிண்ணியாவும் மூதூரும், அவற்றுக்கும் அப்பால் வெருகலும். இவ்வூர்களின் மண் வேறு, நீர் வேறு. ஆதலால் அவற்றிலிருந்து வரும் கூடைகளும் வேறு.

சந்தையில் முதலில் விழித்துக்கொள்வது மீன்பகுதிதான். அறுக்குளா, பாரை, சூரை, விளைமீன், கணவாய், நண்டு என்று பலகைகள் நிறைந்திருக்கும். (அறுக்குளா என்பதைத் தமிழகத்து நேயர்கள் வஞ்சிரம் என்றால் எளிதிற் புரிந்துகொள்வர்.) பெரிய மீனுக்கு நிறை உண்டு, சூடை, கீரி, சாளை போன்ற சிறு மீன்கள் கூறு கூறாகக் குவிக்கப்பட்டு விலைபோகும். இச்சிறு மீனிற் பெரும்பகுதி கரைவலையில் அகப்படுவது. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, தோணியில் ஏறிக் கடலை வளைத்து வலையை இறக்கி, மறு கயிற்றோடு கரை சேர்ந்து, இரு கயிற்றையும் இரு குழுவினர் இழுப்பர். வலைக்குரியவரைச் சம்மாட்டி என்பர். பிடிபட்டதில் வலைக்கு ஒரு பங்கு, இழுத்த கைகளுக்கு ஒரு பங்கு. ஆகவே மீன் சந்தைக்கு வருமுன்னரே பல வீடுகளின் சட்டிக்குப் போய்விடுகின்றது.

மீன்பலகையை நடத்துவது காற்று. மாரிகாலத்தில் வாடைக்காற்று வீசும்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். கருவாட்டுக்கு மதிப்பு உண்டாகும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து தீவின் மறுபுறத்தைக் கலக்கும் மாதங்களிலோ இக்கடல் குளம்போல் அமையும். அப்பொழுது நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களிலிருந்து மீனவர் வந்து வாடியமைத்துத் தங்குவர். கரையை யார் எவ்வளவு காலம் பயன்படுத்துவது என்பது பற்றிப் பூசல்கள் எழுந்ததுண்டு. ஆயினும் அவ்வழக்கம் தலைமுறைகள் கடந்து நின்றிருக்கின்றது.

மீன்பகுதியை விட்டு அப்பால் வந்தால், சுடுமண் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் அது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகின்றோம். பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு நாலு பங்கு அளவில் இருக்க, எருமைப்பாலில் ஏழு பங்கு அளவில் இருக்கும், புரதமும் மிகுதி. ஆதலால் காய்ச்சி உறையிட்டால் அது கரண்டி நிற்குமளவு இறுகுகின்றது. சட்டியும் சும்மா இருப்பதில்லை. அதன் நுண்ணிய துளைகள் தயிரில் மிகுந்த நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிர்கின்றது. வெயிலில் நெடுந்தூரம் வந்த தயிர் புளித்துப் போகாமல் இருப்பதில் இதற்கும் பங்குண்டு. பிளாத்திக்குக் கிண்ணத்தில் அதே பாலை உறையிட்டால் அந்தச் சுவை வருவதில்லை என்று தயிர்க்காரர் சொல்வது பழமைப் பிடிவாதமன்று; அதில் பௌதிகம் இருக்கின்றது.

அத்தயிருக்குப் பின்னால் ஒரு நெருக்கடியும் இருக்கின்றது. பெரும்போக விதைப்பு தொடங்கியதும் எருமைகளை வயலோரத்தில் வைத்திருக்க முடியாது, பயிருக்குப் பகையாகிவிடும். பட்டியை எழுப்பிக் காட்டோரத்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டவேண்டும். வயலும் குடியிருப்பும் பெருகப் பெருக அம்மேய்ச்சற்றரை சுருங்குகின்றது. சட்டித் தயிரின் விலை ஏறும்போது நாம் வியாபாரியைக் கடிந்துகொள்கின்றோம். எருமை எங்கே படுத்துறங்குகின்றது என்று கேட்பதில்லை.

அரிசிப் பக்கம் செல்வோம். தம்பலகாமத்து வயல்களுக்கு நீர் தருவது கந்தளாய்க் குளம். திருகோணமலை மரபு அக்குளத்தைக் குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் பேசும். பாளி நூல் மரபோ ஏழாம் நூற்றாண்டு மன்னனான இரண்டாம் அக்கபோதியைச் சொல்லும். வயலுக்கு இவ்வழக்கில் அக்கறை இல்லை. அதற்குத் தண்ணீர் வந்தாற் போதும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அக்குளத்தின் அணை உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடும் வயலும் அழிந்தன. நகரத்தான் தன் சோற்றின் ஊற்று எங்கே என்பதை அன்று கண்டுகொண்டான். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்றரையில் கிணற்று நீர் இறைத்துச் சின்ன வெங்காயம் செய்கின்றனர். அவ்வெங்காயமும், தோட்டங்களிலிருந்து வரும் கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி, மரவள்ளி ஆகியவையும் மரக்கறிப் பகுதியை நிரப்புகின்றன.

இத்தனை பொருளும் இங்கு வந்துசேரும் வழியே இப்பேச்சின் உயிர்நாடி. கிழக்கிலங்கையில் ஆற்றைக் கடக்கும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். பிற இடங்களில் பாதை என்றால் நிலத்தில் நடக்கும் வழி. இங்கோ அது நீரில் மிதக்கின்றது! திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியே செல்லப் புறப்பட்டவன் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அல்லது நகரத்து இறங்குதுறையிலிருந்து படகேறிக் குடாவைக் குறுக்கே கடக்கவேண்டும். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து கிளைபிரிந்து கடலில் விழுமிடம் அது. தயிர்ச்சட்டியும் நெல்மூடையும் கோழிக்கூடும் மனிதரும் ஒரே படகில் வந்தனர். காற்று மாறினால் சந்தையில் தயிர் இல்லை.

இந்தக் குடாவின் வாணிபம் மிகப் பழையது. கண்டி இராச்சியத்துக்குக் கொட்டியாரம் ஒரு கடல்வாயிலாக இருந்தது. 1659ஆம் ஆண்டின் இறுதியிலே, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடவும் இடையே வாணிபம் செய்யவும் இங்கே வந்து நங்கூரமிட்டது. கப்பற்றலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் பிறரும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களால் 1660இல் சிறைபிடிக்கப்பட்டனர். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தப்பினார். அவர் 1681இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. விற்கவும் வாங்கவும் வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒருவரின் கதை அது என்பதைச் சந்தையைப் பற்றிப் பேசும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

துறைமுகத்தைப் பேசாமல் விடுவதும் முறையன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே ஆண்டில் பர்மா வீழ்ந்தமையால், இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் சாதாரணக் குடும்பத்தின் உணவாயின. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கப்பல்களையும் அவற்றின் வேலைகளையும் நம்பியிருந்த பலர் பிழைப்பிழந்தனர். பின்னர் சீனன்குடாவிலே பிரிமா மா ஆலை எழுந்து 1980இல் இயங்கத் தொடங்கிற்று. அந்நிய நாட்டுக் கோதுமை கப்பலில் வந்து, இங்கே அரைபட்டு, நாடெங்கும் செல்கின்றது. இவ்வாறு துறைமுகம் தீவு முழுவதற்கும் மாவு தர, அதன் அருகே வாழ்பவனுடைய கத்தரிக்காய் மட்டும் பாதையை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அந்தப் பாதைகள் அடைபட்ட காலத்தைச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையை, குறிப்பாகக் கிண்ணியாவை, மிகக் கொடிதாகத் தாக்கியது. வள்ளமும் வலையும் உயிரும் போயின. 2006 ஏப்ரல் 12ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டுக்கு இரு நாட்களே இருக்க, மக்கள் கூட்டங்கூட்டமாகப் பொருள் வாங்கிக்கொண்டிருந்த பிற்பகலில், மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. அதனை அடுத்து மூண்ட வன்செயலில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. வெடிப்பிலும் வன்செயலிலுமாக இருபது பேரளவில் மாண்டனர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். புத்தாண்டுப் பொங்கலுக்குச் சர்க்கரையும் பலகாரத்துக்கு மாவும் வாங்க வந்தவர்கள் அவர்கள்.

அவ்வாண்டு யூலையிலே மாவிலாற்று அணைக்கதவை விடுதலைப் புலிகள் அடைத்தனர். வயலுக்குப் போகவேண்டிய நீரைச் சுற்றி எழுந்த மோதல் பெரும்போராக விரிந்தது. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் ஊரை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் நடந்தனர்; சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் மட்டக்களப்பு நோக்கிச் சென்றனர். சம்பூர் மக்களுட் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தம் நிலத்துக்கு மீண்டனர். ஏறக்குறையப் பத்தாண்டு உழப்படாத வயலில் முதலில் வெட்டவேண்டியிருந்தது பற்றையைத்தான். ஒரு சந்தை திறந்திருப்பதனால் மட்டும் அது நலமாயிருக்கின்றது என்று கொள்வதற்கில்லை. எந்த ஊர்க் கூடை வரவில்லை என்று பார்க்கத் தெரிந்தவனே அதன் நலத்தை அறிவான்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதன்பின் மூதூர் வழியிலும் வெருகல் வழியிலும் பாலங்கள் அமைந்தன. தயிர்ச்சட்டி இப்பொழுது காற்றைப் பார்ப்பதில்லை, பேருந்தைப் பார்க்கின்றது. ஆயினும் மிதவையின் காலம் முற்றாக முடியவில்லை என்பதை 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணி காட்டியது. பாலம் புதிதாக அமைக்கப்படும் காலத்தில் அங்கு பயன்பட்ட மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

வழி திறந்தால் நம் பொருள் மட்டுமா வரும்? பிறர் பொருளும் வரும். 1999இல் தம்புள்ளையில் பெரும் மொத்த வியாபார நிலையம் அமைந்தபின், மலைநாட்டுக் கோவாவும் கரட்டும் லீக்சும் இரவோடிரவாக லொறியேறிக் கிழக்குக்கு வருவது எளிதாயிற்று. இதில் தவறில்லை, மழைக்காலத்தில் அவை இல்லாவிட்டால் பலர் வீட்டில் கறியே இராது. ஆனால் லொறி வியாபாரிக்குக் கடையும் தராசும் உண்டு. இரண்டு கூடைப் பயிற்றங்காயோடு வரும் பெண்ணுக்கு நடைபாதையே கடை. அவளை எழுப்புவது எளிது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டு, மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் நின்றன. அத்தகைய காலத்தில் சைக்கிளில் கொண்டுவரத்தக்க மரவள்ளியின் அருமை யாவர்க்கும் தெரிந்தது. அவ்விரு கூடைக்காரிக்கு நிழலுள்ள ஓர் இடமும், அது தனக்குரியது என்ற உறுதியும் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது என்பது நமது கருத்து. புதிய கட்டடம் எழுப்புவோர் முதலில் அவளைக் கேட்கட்டும்.

மாலையில் சந்தை ஓய்ந்ததும் இந்நகருக்கே உரிய விருந்தினர் வருவர். திருகோணமலைத் தெருக்களில் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும் என்பதைக் கேள்வியுற்ற நேயர்கள் இருப்பீர்கள். கோவா இலையும் வாழைத்தோலும் தேடி அவை கடைவாசலில் நிற்கும். குப்பையோடு பொலித்தீன் பையையும் தின்றுவிடுகின்றன என்பது வேறு கவலை. அந்நேரத்தில் விற்காத கீரைக்கட்டுக்கு விலை பாதியாகும். மூதூருக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டிய கீரைக்காரி, வெறுஞ் சாக்கை உதறி மடித்து, மிஞ்சிய ஒரு கட்டை மானுக்குப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகச் செல்வாள்.