மகள் மொழிபெயர்க்காத வசனம்

நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றால் நாம் கூடும் இடமெல்லாம் அவைபற்றிப் பேசத் தயங்குவதில்லை. ஆனால் இடுப்புக்குக் கீழே வரும் நோயென்றால் எமது ஆண்கள் வாய் திறப்பதில்லை. மனைவிக்கும் சொல்லாது மாதக்கணக்கில் மறைப்போரும் உளர். இம்மௌனத்தால் விளையும் கேட்டினை அண்மையில் நாம் நேரிலே கண்டோம்.

நாம் நன்கறிந்த பெரியவர் ஒருவர் ஒஸ்லோவில் வாழ்கிறார். 1980களின் இறுதியில் நோர்வேக்கு வந்து, வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் உழைத்து, பிள்ளைகளின் கல்விக்காகத் தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர். வயது 66. வேலைத்தலத்து மொழி அவருக்குத் தெரியும். வைத்தியசாலை மொழி தெரியாது. இரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 24 எனக் கண்டு, சுரப்பியிலிருந்து இழையம் எடுத்துச் சோதித்த பின்னர், அவருக்கு அபாயம் கூடிய புறொஸ்ரேற் புற்றுநோய் என வைத்தியர் கூறினார். மொழிபெயர்க்க உடன் சென்றவள் பல்கலைக்கழகத்திற் கற்கும் இளைய மகள்.

வைத்தியர் நீண்ட நேரம் விளக்கினார். மகள் சுருக்கமாகச் சொன்னாள்: "ஒப்பரேசன் செய்தால் சுகம் வருமாம் அப்பா." அவரும் தலையசைத்து வந்துவிட்டார்.

சில நாள்களின் பின் வந்த கடிதத்தை எம்மிடம் கொண்டுவந்தார். நாம் வாசித்துப் பொருள் கூறியபோது அவர் முகம் மாறிற்று. "மாஸ்ரர், இதைப் பிள்ளை எனக்குச் சொல்லேல்லையே!" என்றார். சத்திரசிகிச்சையின் பின் சிறுநீரை அடக்க இயலாமற் போகலாம். தாம்பத்திய ஆற்றல் குன்றலாம், முற்றாக இழக்கவும் நேரலாம். வேறொரு சிகிச்சை வழியும் உண்டு என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. தந்தையின் முகம் பார்த்து ஒரு மகள் இவற்றை எவ்வாறு கூறுவாள்? அவளை நாம் குறைகூறோம்.

அபாயம் கூடியது எப்போது?

புறொஸ்ரேற் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சூழ்ந்திருக்கும் சிறு சுரப்பி. நோர்வேயில் ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய் இதுவே. ஆண்டுதோறும் 5000க்கும் மேற்பட்டோருக்கு இது கண்டறியப்படுகின்றது. பலருக்கு இது மெதுவாக வளரும், கண்காணித்தலே போதுமானது. ஆனால் பி.எஸ்.ஏ. அளவு 20க்கு மேற்பட்டாலோ, உயிர்க்கலங்களின் தன்மையைக் காட்டும் கிளீசன் எண் 8 முதல் 10 வரை இருந்தாலோ, கட்டி சுரப்பியின் எல்லையைத் தாண்டினாலோ அது அபாயம் கூடியதெனக் கொள்ளப்படும்.

அந்நிலையில் நோய் எலும்புக்கோ நிணநீர்க்கணுக்களுக்கோ பரவியுள்ளதா என முதலில் அறிதல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் இத்தகைய 302 நோயாளரிடம் செய்யப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், பி.எஸ்.எம்.ஏ. பெற் எனும் புதிய படப்பிடிப்பு 92 வீதம் சரியாகக் காட்டியது. பழைய முறைகளோ 65 வீதமே காட்டின.

கத்தி செய்வதும் செய்யாததும்

இச்சத்திரசிகிச்சையில் சுரப்பி முழுவதும், அதனோடு ஒட்டிய விந்துப்பைகளும் அகற்றப்படும். அபாயம் கூடியவர்களுக்கு இடுப்பிலுள்ள நிணநீர்க்கணுக்களும் பெரும்பாலும் எடுக்கப்படும். பின்னர் சிறுநீர்ப்பையும் சிறுநீர்வழியும் மீண்டும் பொருத்தித் தைக்கப்படும். ஒன்று இரண்டு வாரங்களுக்குச் சிறுநீர் குழாய் வழியே வெளியேறும்.

1904இல் அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் ஹியூ ஹம்ப்ரன் யங் என்பவர் இதனைச் செய்த காலந்தொட்டு, தாம்பத்திய ஆற்றலை இழத்தல் தவிர்க்கவியலாதது என்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. அந்நரம்புகள் சுரப்பியின் இரு மருங்கிலும் ஓடும் வழியை 1981இல் பற்றிக் வோல்ஷ், நெதர்லாந்தின் பேராசிரியர் டொங்கர் ஆகியோர் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டே அவற்றைக் காத்துச் செய்யும் முறை தொடங்கிற்று. எனினும் புற்றுநோய் நரம்பை அண்டியிருப்பின், அந்த நரம்பையும் சேர்த்தே வெட்ட நேரும். அபாயம் கூடியவர்களுக்கு இது அடிக்கடி நிகழ்வது.

"ரோபோ செய்தால் ஒன்றும் வராதாம்" என எம்மவர் சிலர் கூறுவது சரியன்று. கருவியை இயக்குபவர் வைத்தியரே. காயம் சிறிது, இரத்த இழப்புக் குறைவு என்பன உண்மை. ஆனால் மேற்சொன்ன பின்விளைவுகள் அதனால் இல்லாமற் போவதில்லை.

இதனாற் பயன் யாது? சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் 1989 முதல் 1999 வரை 695 ஆண்களைச் சேர்த்து, சத்திரசிகிச்சை செய்தோரையும் செய்யாது கண்காணிக்கப்பட்டோரையும் ஒப்பிட்டனர். 2018இல் வெளியான முடிவின்படி, செய்தோர் சராசரியாக 2.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர்.

கதிர்வீச்சோடு, ஆண் இயக்குநீரை அடக்கும் ஊசியை ஒன்றரை முதல் மூன்றாண்டுகள் வரை ஏற்றுவது மற்றைய வழி. அதற்கும் சோர்வு, உடல் வெப்பேற்றம், குடற் தொல்லை போன்ற விளைவுகள் உண்டு. எந்த வழி எவருக்குப் பொருந்தும் என்பது வயது, பிற நோய்கள், கட்டியின் நிலை, அவரவர் விருப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது.

இன்னுமொன்றையும் மனங்கொள்ள வேண்டும். அபாயம் கூடியவர்களுக்குச் சத்திரசிகிச்சை முதற்படியாக மட்டும் அமையலாம். பின்னர் பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்ந்தால் கதிர்வீச்சுத் தேவைப்படும். அனைவருக்கும் உடனே அதனைக் கொடுக்க வேண்டியதில்லை. இரத்தத்தை ஒழுங்காகச் சோதித்து, உயர்வு தொடங்கும்போது கொடுக்கலாம் என்பதை 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

உரிமையைக் கேட்டுப் பெறுவோம்

நோர்வேயில் 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவையான இடங்களில் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்தும் கடமையைப் பொது நிறுவனங்களுக்கு விதித்துள்ளது. சிறுவரை அப்பணியிற் பயன்படுத்தலாகாது என்பதும் அதன் விதி. வைத்தியசாலையில் நோயாளி இதற்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆதலால் "ஊரெல்லாம் தெரிந்துவிடுமே" என அஞ்சத் தேவையில்லை. பிற நாடுகளில் வாழ்வோரும் தத்தம் வைத்தியசாலையில் இவ்வசதியைக் கேட்டறிய வேண்டும்.

எமது பெரியவர் மீண்டும் சென்றார். இம்முறை மனைவியும் மொழிபெயர்ப்பாளரும் உடனிருந்தனர். என் நரம்புகளைக் காக்க முடியுமா? சிறுநீர்க்கசிவு எவ்வளவு காலம் இருக்கும்? கதிர்வீச்சை ஏற்றால் என்ன வேறுபாடு? என மூன்று கேள்விகளைக் கேட்டார். இருவரும் ஒரு வாரம் யோசித்துச் சத்திரசிகிச்சையையே தெரிந்தனர். ஒரு பக்கத்து நரம்பு வெட்டப்பட்டது. ஏழு மாதங்கள் அணையாடை அணிந்தார். இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியை நாள்தோறும் செய்து அதனைக் கைவிட்டார். மற்றைய குறை முற்றாகத் தீரவில்லை. பி.எஸ்.ஏ. இன்றுவரை உயரவில்லை.

"தெரிஞ்சு போனபடியால் தாங்க ஏலுது, மாஸ்ரர்" என்றார் அவர். மகள் இப்போதும் அவரோடு வைத்தியசாலைக்குச் செல்கிறாள். வெளியே கதிரையில் அமர்ந்து, தந்தை வரும்வரை காத்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு உரிய இடம் அதுவே என்பது எமது எண்ணம்.