பழந்தின்னி வவ்வால்: ஓரிடத்தில் சுட்டால் என்ன ஆகும்?

செந்தூரா மாம்பழப் பறிப்பு தொடங்கிவிட்டது, அடுத்து பெங்களூரா. கிருஷ்ணகிரி, ஓசூர் தோப்புக்காரர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான்: பழந்தின்னி வவ்வாலைச் சுடலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை எலி, காகத்தோடு சேர்த்து, தீங்கு விளைவிப்பவை என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் இவற்றுக்கு இரண்டாம் அட்டவணையின் பாதுகாப்பு உண்டு என்கிறது அரசு. ஆனால் 62-ஆவது பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கு எதையும், குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, தீங்கானது என்று ஒன்றிய அரசு அறிவிக்கலாம். 2016-இல் பீகாரில் நீலமான்களைச் சுட்டது இந்தப் பிரிவின்படிதான்.

எனக்குக் கவலை தருவது இப்படிப் பகுதி பிரித்துப் பார்க்கும் கணக்கு. கர்நாடகத்தின் ஆனேக்கல் பக்கம் பகலில் தொங்கும் வவ்வால், இரவில் மாநில எல்லை தாண்டி இங்கே மேயலாம். ஓர் இரவில் பல பத்து கிலோமீட்டர் பறக்கக்கூடிய உயிர் அது. ஆஸ்திரேலியாவில் இதன் உறவினங்கள் மூன்றில் 201 வவ்வால்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது: அவை தங்கிய இடங்கள் மட்டும் 755! மரத்தில் தொங்கும் கூட்டம் அப்படியே இருக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஓசூர் பேருந்து நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி ஓசூரின் மக்கள்தொகையைச் சொல்ல முடியுமா? ஒரு மரத்தை எண்ணிவிட்டு "பெருகிவிட்டன" என்பதும் அப்படித்தான்.

ஓரிடத்தில் சுட்டால், பழம் இருக்கும்வரை வேறிடத்து வவ்வால்கள் அங்கே வந்துகொண்டே இருக்கும். தோப்பின் சேதம் தீராது. சுற்று வட்டாரம் முழுக்க இனம் குறையும். வழக்கமாக ஆண்டுக்கு ஒரே குட்டி போடும் உயிர், இழந்ததை எப்போது ஈடுகட்டும்? மொரீஷியஸ் அரசு 2015, 2016-இல் பழத்தோட்டங்களைக் காப்பதாகச் சொல்லிப் பல்லாயிரம் வவ்வால்களைக் கொன்றது. 2018-இல் அந்தத் தீவின் வவ்வால் இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டது.

சுடாமல் தோப்பைக் காக்க, முதலில்: சேதம் வவ்வாலுடையதுதானா? மரத்தடியில் பாருங்கள். சதையை நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டு, நாரைச் சிறு சக்கையாகத் துப்பியிருக்கும்.

பெங்களூராவுக்கும் சேதமா? கூழ் ஆலைக்குக் காயாகவே பறிக்கிறோம். வவ்வால் தேடி வருவது பழுத்ததை.

வலை? கட்டலாம், விரல் நுழையாத சிறு கண்ணாக, இழுத்துக் கட்டுங்கள்.

பட்டாசு? வேண்டாம், தாயைப் பற்றியிருக்கும் குட்டிகள் விழுந்து சாகும்.

நிபா வைரஸ்? கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள், பதநீர்ப் பானையை மூடிக் கட்டுங்கள்.