பழநி மிருதங்கத்துக்கும் கிராமி கஞ்சிராவுக்கும் வேர் ஒன்று, தெரியுமா?

வாசிப்பவர்களின் விரல் வித்தைக்காகவே உலகம் கொண்டாடும் இசைக்குழு எது? மேல்நாட்டு ரசிகர்களைக் கேட்டால் ‘ட்ரீம் தியேட்டர்’ என்பார்கள், ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ என்பார்கள். இரண்டும் அசுர வாசிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஜான் மெக்லாஃப்லின் மின்சார கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, நம் கடம், மிருதங்கத்துக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார், தெரியுமா?

அதுதான் ‘சக்தி’! வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ஆர். ராகவன். 1975இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த இவர்களின் கச்சேரியே மறுவருடம் முதல் ஆல்பமாக வந்தது. மெக்லாஃப்லின் சும்மா வந்து உட்காரவில்லை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர்! சுரத்தை வளைக்கும் கமகம் பிடிபட வேண்டுமென்று கிதாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைய வைத்தார். தந்திகளுக்கு அடியில் குறுக்காக இன்னும் ஏழு தந்திகள். விரல் வழுக்கினால் வீணை, மீட்டினால் கிதார். ஒரு ராகத்துக்காகத் தன் வாத்தியத்தையே மாற்றிய மனிதர்!

திண்டுக்கல் பக்கத்திலுள்ள நம் ஆத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? செம்பட்டி போய் ஒட்டன்சத்திரம் சாலையைப் பிடியுங்கள். பழநி வந்துவிடும். கதை அங்கேதான் இருக்கிறது.

கஞ்சிரா என்னும் கையகல வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய பெருமை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையுடையது. அவருடைய சீடர்களில் ஒருவர் பழநி முத்தையா பிள்ளை. தவிலிலும் மிருதங்கத்திலும் கை தேர்ந்தவர். ஆத்தூர்ப் பக்கம் சாமி கும்பிடு என்றால் தவில் சத்தம் இல்லாமல் விடியாது. அந்தத் தவிலின் கணக்கும் மிருதங்கத்தின் கணக்கும் ஒரே வீட்டில் கூடிக் குடியிருந்தன என்றால் எப்படி இருக்கும்! அந்த வீட்டில் வளர்ந்தவர்தான் பழநி சுப்பிரமணிய பிள்ளை.

அவர் இடக்கைக்காரர், தெரியுமா? இதில் என்ன என்று தோன்றும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது சுருதி சேர்க்கும் முகம், சபையைப் பார்த்திருக்க வேண்டும். அதனால் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறம் உட்காருவது வழக்கம். இடக்கையால் வலந்தலை வாசிப்பவர் பாடகரின் இடப்புறம் உட்கார்ந்தால்தான் நாதம் சபைக்குப் போகும். அங்கேதான் வயலின் வித்வான் இருப்பார்! வயலின்காரர் இடம் மாறினால் வயலின் நாதம் திசை திரும்பும். இந்தச் சிக்கலுக்காகவே பழநியை ஒதுக்கியவர்கள் உண்டு. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் விடவில்லை, பக்கத்தில் உட்கார வைத்தே தீருவேன் என்று நின்றார். அந்த ஒரு பிடிவாதத்துக்காகவே செம்பையைக் கையெடுத்துக் கும்பிடலாம். பழநியின் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் மறுமுகத்தில், எழும் கும்கி என்னும் ஒலியைக் கேட்டிருக்கிறீர்களா? பழைய ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம். பொழிந்து தள்ளுகிற வேகம் இல்லை. எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்த வாசிப்பு அது.

இன்னொன்று! பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்கும் அதே மேடையில் பழநி கஞ்சிரா எடுத்து வாசிப்பார். இரண்டு சிகரங்கள் ஒரே கச்சேரியில்!

கஞ்சிராவைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போலிருக்கும். பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஓரத்தில் ஒரே ஒரு ஜோடி சலங்கைக் காசு. பிடித்திருக்கும் கையின் விரல்களே தோலை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும். அடிப்பது ஒரு கை மட்டுமே! அந்த ஒற்றைக் கையில் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என எல்லா நடையும் பிறக்க வேண்டும். தகிட, தகதிமி, தகதகிட என்று வாயால் சொல்லும் கொன்னக்கோலில்தான் இதற்கெல்லாம் அடித்தளம். உடும்புத் தோல் போர்த்துவது பழைய வழக்கம். உடும்பு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் இப்போது மாற்றுத் தோல்கள் வந்திருக்கின்றன. நல்ல மாற்றம்.

மான்பூண்டியா பிள்ளை மேடையேற்றிய அந்தச் சின்னக் கஞ்சிரா 2024 பிப்ரவரியில் எங்கே போய் நின்றது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில், கிராமி மேடையில்! சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்கு விருது. கஞ்சிரா வாசித்தவர் வி. செல்வகணேஷ், கட மேதை விநாயக்ராமின் மகன், கஞ்சிரா ஜி. ஹரிசங்கரின் சீடர். அப்பா விநாயக்ராமோ, ‘பிளானட் ட்ரம்’ என்னும் தாள வாத்திய ஆல்பத்தின் மூலம் 1990களின் தொடக்கத்திலேயே கிராமியைத் தொட்டவர். அப்பாவுக்கு மண்பானை, மகனுக்கு மரவளையம். இரண்டும் தமிழ்நாட்டுக் கைகளில் வளர்ந்த வாத்தியங்கள். கடம் என்றாலே மானாமதுரை மண்தானே!

பழநியின் வழி மட்டும் உள்ளூரிலேயே நின்றுவிட்டதா? இல்லை! அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971இல் கனடாவுக்குப் போய், டொரன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பாடகர் ஜான் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து கர்நாடக இசைப் படிப்பையே தொடங்கினார். மிருதங்கம், கஞ்சிரா இரண்டும் அவருக்குக் கைவந்தவை. தமிழே தெரியாத மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் தாளம் போட்டு, பழநி பாணியின் சொற்கட்டுகளை வாய்விட்டுச் சொல்லிப் படித்தார்கள்!