ராக்கெட்டும் வலையும்

பொன்னேரி வட்டாரத்தில் காட்டூர் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரியின் தென்கோடி வரையில் உள்ள மீனவக் கிராமங்களுக்கு விஞ்ஞானச் செய்தி என்பது, பத்திரிகையிலோ கைபேசியிலோ வந்து சேர்வதற்கு முன்பே, கண்ணுக்கும் காதுக்கும் நேராக வந்து சேர்ந்துவிடுகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே மதில்போல் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது ஜுவாலை முதலில் தெரியும். முழக்கம் பிறகுதான் வரும். ஏவுதளம் பழவேற்காட்டு ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருப்பதாலும், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்திலேயே பிரயாணம் செய்வதாலும், நெருப்பைக் கண்டவர்கள் அதன் சத்தத்தைக் கேட்க ஒன்றரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது.

1969ஆம் ஆண்டில் இந்தத் தீவு ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1971 அக்டோபர் 9ஆம் தேதி முதல் சிறு ராக்கெட் இங்கிருந்து எழும்பியது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்ததும், அடுத்த ஆண்டு ஜூலை 18ஆம் தேதி அதே ரகத்து ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்ததும், பிற்காலத்தில் சந்திரயான்கள் புறப்பட்டதும் இந்த மண்ணிலிருந்துதான். தேசம் முழுவதும் தொலைக்காட்சியின் முன் கூடி நின்று கைதட்டுகிற அந்த தினங்களில், பழவேற்காட்டுக் கரையில் படகு கடலுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு வந்துவிடும். காரணம் நியாயமானதே: ராக்கெட் புறப்பட்டுச் சற்று நேரத்தில் எரிந்து தீர்ந்த அடுக்குகள் கழன்று கடலில் விழுகின்றன, ஏதேனும் கோளாறு நேர்ந்தால் முழு ராக்கெட்டையுமே நடுவானில் வெடிக்கச் செய்துவிடுவார்கள். தவிர, துருவத்தை நோக்கிச் செல்லும் பி.எஸ்.எல்.வி. நேர் தெற்காகப் போனால் இலங்கைத் தீவின் மேல் பறக்க நேரும் என்பதால், முதலில் தென்கிழக்காகக் கடலுக்குள் சென்று, பிறகே தெற்கே திரும்புகிறது. தூத்துக்குடி ஜில்லாவில் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய ஏவுதளத்தின் பிரதான அனுகூலமே, சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து இந்தச் சுற்றுவழி இல்லாமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதுதான். ஆயினும் ராக்கெட் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் அந்த ஊர்க் கடற்காரனுக்கு ஒரு நாள் வரும்படி போகிறது. அந்தக் கணக்கு எந்த விண்வெளிச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை.

இப்படி இவர்கள் தலைக்கு மேலாகப் போனவற்றுள் ஒன்று, இவர்களுக்காகவே போனது என்று சொல்லத்தக்கது. 1999 மே 26ஆம் தேதி ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், 720 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்து சமுத்திரத்தை ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்டது; அதன் நிறத்தைப் பார்ப்பது அதற்கு ஒரு பிரதான வேலை. நிறத்தைப் பார்த்து மீனை எப்படி அறிவது என்று கேட்கலாம். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தாவரங்கள் கோடானுகோடியாக மிதக்கின்றன. அவற்றில், நம் வீட்டுக் கீரையில் இருப்பது போன்ற பச்சையம் இருக்கிறது. அது சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே தாவரம் மிகுந்த நீர் பச்சை ஏறியும், மிகாத நீர் நீலமாகவும் தோன்றும். அந்தத் தாவரங்களைத் தின்னும் சிற்றுயிர்களும், அவற்றைத் தின்னும் மத்தியும் கானாங்கெளுத்தியும், அவற்றைத் துரத்தும் சூரையும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே கூடுகின்றன. செயற்கைக்கோள் மீனைக் காண்பதில்லை. மீனுக்குப் பந்தி விரித்திருக்கும் இடத்தைக் காண்கிறது.

இதனுடன் உஷ்ணக் கணக்கும் சேர வேண்டும். வேறு செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்பிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, எங்கே நீர் குளிர்ந்திருக்கிறது, எங்கே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று படம் வரைகின்றன. ஆழத்திலிருந்து சத்து மிகுந்த குளிர்நீர் மேலெழும்பும் இடத்திலும், இரண்டு வெப்பநிலைகள் எல்லைக்கோடு போட்டாற்போலச் சந்திக்கும் இடத்திலும் மீன் சேர்வது வழக்கம். ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இவ்விரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, இன்ன மீன்பிடித் துறையிலிருந்து இன்ன திசையில், இத்தனை கிலோமீட்டர் தொலைவில், இத்தனை ஆழத்தில் மீன் கிடைக்கலாம் என்று குறிப்பு எழுதி, தமிழ் உள்ளிட்ட கடற்கரை மொழிகளில் வெளியிட்டு வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ என்னும் செயலி அதைக் கைபேசித் திரைக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. திரையில் இருப்பது அட்ச ரேகை, தீர்க்க ரேகை எண்களும், தூரமும், திசையும்தான்; அவற்றை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிவிட்டால் படகைச் செலுத்தும் முகம் தெரிந்துவிடும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மேகம் மூடினால் இந்தக் கண்களுக்கு ஒன்றும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் குறிப்பு அடிக்கடி நின்றுபோகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் குறிப்புக்கு வேலையே இல்லை. குறிப்பு வந்த நாளிலும் அந்த இடம் கரைக்கு வெகு தூரத்தில் இருந்தால், பெரிய விசைப்படகுக்காரர் போய்ச் சேர்வார். ஒற்றை எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகுக்காரர் டீசல் செலவை எண்ணிப் பார்த்துவிட்டுக் கைபேசியை மடியில் செருகிக்கொள்வார். எல்லோருக்கும் ஒரே செய்தி கிடைப்பதால் எல்லோருக்கும் ஒரே பலன் கிடைத்துவிடும் என்று நினைப்பது நகரவாசியின் நினைப்பு.

மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பைவிட, அலையின் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் சொல்லும் முன்னறிவிப்பே அதிகப் பிரயோஜனமுள்ளது என்பது என் அபிப்பிராயம். மீன் எங்கே என்பதை அனுபவத்தால் ஊகிக்கச் சென்னைக் கரை மீனவர்களுக்குத் தெரியும். தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து ஓடுவதை வன்னி என்றும் பெயரிட்டு, எந்த ஓட்டத்தில் எந்த வலையை இறக்கலாம் என்று கணித்துவைத்திருக்கும் சாஸ்திரம் அவர்களிடம் உண்டு. ஆனால் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகி இரண்டாம் நாள் வந்து மோதப்போகும் புயலை எந்த நீரோட்டமும் முன்கூட்டிச் சொல்லாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி ஜில்லாவின் மீனவரை ஆழ்கடலில் வாரிக்கொண்டுபோனபோது, எச்சரிக்கை கரைவரையில் வந்து நின்றுவிட்டது. கைபேசிக் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிப் போயிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. அதன் பிறகு 2019 அக்டோபரில், செயற்கைக்கோளிலிருந்து நேராகவே செய்தியை வாங்கி அருகிலுள்ள கைபேசிக்குக் கொடுக்கும் ஜெமினி என்ற சிறு கருவி வெளியிடப்பட்டது. 2024 ஆகஸ்டில், படகுகளில் இலவசமாகப் பொருத்துவதற்கென ஒரு லட்சம் தகவல் கருவிகள் வழங்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது.

இவை யாவும் திறந்த சமுத்திரத்தைப் பற்றிய விஷயங்கள். ஏரிக்குள்ளேயே ஜீவனம் செய்பவர்களுக்கு ஆகாயத்திலிருந்து என்ன வருகிறது என்று பார்த்தால், அநேகமாக ஒன்றுமில்லை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் அதில் வந்து கலக்கின்றன. ஆனால் அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஓஷன்சாட்-1இன் நிறமானி பூமியை 360 மீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தது; கரையோரக் கட்டம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண், கொஞ்சம் நீர், கொஞ்சம் கோரை. போதாக்குறைக்கு, ஆற்றுச் சேறும் அழுகிய தாவரத்தின் சாயமும் கலந்த நீர், பச்சையமே இல்லாவிட்டாலும் பச்சை மிகுந்ததுபோல் வேஷம் போடும். ஆழ்கடலுக்கென்று வகுத்த சூத்திரம் இங்கே பொய்த்துவிடுகிறது.

விஞ்ஞானத்தின் கண் படாத இந்த ஏரியில் வேறொரு விஞ்ஞானம் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் மூன்று ஊர்களும், வெள்ளை இறால் பிடிக்கும் சுத்து வலைக்கு உகந்த இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. ஊருக்குள்ளே தலைக்கட்டுக் கணக்குப்படி சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று தீர்மானிக்கிறார்கள். நல்ல இடம் எது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரகசியத்தால் யாரும் லாபம் அடைய முடியாது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம் வாய்க்கலாம். செயற்கைக்கோள் குறிப்பு, மீன் எங்கே என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அங்கே முதலில் போகும் பாத்தியதை யாருக்கு என்ற கேள்வியைப் பாடு பல தலைமுறைகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டு விடை கண்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டில் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாட்டில் பங்கில்லாத ஊராரும், இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். ஆனாலும் தகவலையும் உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்த ஏற்பாடு என்ற வகையில், ஹைதராபாத்து மையத்தார் வந்து பார்க்க வேண்டியது இது.

ஏரிக்காரருக்கு உண்மையில் வேண்டிய செய்தி ஒன்றே ஒன்று: முகத்துவாரம் எந்த நிலையில் இருக்கிறது? இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சு ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து, சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. கோடையில் ஆற்றுநீர் குறைந்ததும் கரையோர நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை அடைக்கும். மழை வெள்ளம்தான் திறக்கும். அடைபட்டால் குஞ்சும் வராது. படகும் வெளியே போக முடியாது. வெயிலில் ஏரிநீரின் உப்பு ஏறிக்கொண்டே போகும். தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களுக்காகக் கடலுக்குள் கட்டிய கற்சுவர்கள், வடக்கே நகரும் மணலின் கணக்கை மாற்றிவிட்டன. முகத்துவாரத்தின் இருபுறமும் கல் கொட்டி அதை நிலைப்படுத்தும் வேலையைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது.

சில நூறு மீட்டர் அகலமே உள்ள இந்த வாய், முற்காலச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி அளவுதான் இருந்திருக்கும். இன்று 10 மீட்டர் நுணுக்கத்தில் எடுத்த படங்களே இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் மணல்திட்டு வளர்வதும் கரைவதும் நன்றாகத் தெரியும். திட்டின் மேல் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்பது மட்டும் அவற்றில் தெரியாது. அதை அறிய, படகின் அணியத்தில் நின்று மூங்கில் கழியை ஊன்றிப் பார்ப்பவர்கள் நாள்தோறும் அந்த வழியாகப் போய்வருகிறார்கள். அவர்கள் காணும் ஆழத்தை அதே கைபேசியில் பதிந்து அனுப்பச் செய்து, ஊருக்கெல்லாம் மாலையில் தெரிவிப்பதற்குப் புதிய ராக்கெட் ஒன்றும் தேவைப்படாது. செயலியில் ஒரு பக்கம் கூட்டினால் போதும்.