கணினி செய்த ஒப்பந்தம் செல்லுமா?

பான இயந்திரத்தில் காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் டின் கீழே விழுகிறது. கடைக்காரர் அங்கே இல்லை. ஆனாலும் ஒரு விற்பனை நடந்துவிடுகிறது. ‘ஸ்மார்ட் காண்ட்ராக்ட்’ எனப்படும் திறன் ஒப்பந்தமும் ஏறக்குறைய இப்படிப்பட்டதுதான். “இது நடந்தால் அதைச் செய்” என்ற நிபந்தனையைக் கணினி நிரலாக எழுதி, பிளாக்செயின் எனும் மின்னியல் பேரேட்டில் பதிக்கிறார்கள். நிபந்தனை நிறைவேறியதும் சொத்து தானாகவே கைமாறுகிறது.

மனிதர் பார்வையிடாமல் கணினி செய்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டுமே அதைச் செல்லாது என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் அப்படித்தான் கூறுகிறது. சரி, அந்த ஒப்பந்தம் தவறுதலாக நிகழ்ந்திருந்தால் என்ன செய்வது? இதற்கு விடை தேடிய முக்கிய வழக்கு சிங்கப்பூரிலேயே நடந்தது.

குவாய்ன் என்ற சிங்கப்பூர் நிறுவனம் மின்னியல் நாணயச் சந்தைத் தளம் ஒன்றை நடத்தி வந்தது. அது கடவுச்சொற்களை மாற்றியபோது, சந்தை விலையைத் திரட்டும் தன் நிரலில் செய்ய வேண்டிய மாற்றத்தைச் செய்யத் தவறியது. இதனால் 2017 ஏப்ரல் 19ஆம் தேதி அந்தத் தளத்தில் விற்பனைக் கோரிக்கைகள் வற்றிப்போயின. கடன் வாங்கி வணிகம் செய்தோரின் பிணை போதவில்லை என்று கணினி முடிவு செய்து, கிடைத்த விலைக்கு ஈத்தர் நாணயத்தை வாங்க முற்பட்டது.

அப்போது விற்கக் காத்திருந்தது பி2சி2 நிறுவனத்தின் நிரல். சந்தை விவரம் போதாதபோது, ஓர் ஈத்தருக்கு 10 பிட்காயின் கேட்கும்படி அது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அன்றைய சந்தை விலையோ சுமார் 0.04 பிட்காயின்தான். ஏறக்குறைய 250 மடங்கு வேறுபாடு! ஏறத்தாழ 309 ஈத்தருக்கு 3,092 பிட்காயின் பி2சி2 கணக்கில் சேர்ந்தது. மறுநாள் விவரம் அறிந்த குவாய்ன், அந்த வணிகங்களைத் தானாகவே ரத்து செய்தது. பி2சி2 நீதிமன்றம் சென்றது.

நிறைவேறிய வணிகத்தை மாற்ற முடியாது என்று குவாய்னின் சொந்த விதிமுறைகளே கூறின. எனவே, “தவறு” என்ற வாதமே அதற்கு எஞ்சியது. ஒரு தரப்பு தவறான நம்பிக்கையில் ஒப்புக்கொண்டதை மறுதரப்பு அறிந்திருந்தால்தான் சட்டம் பொதுவாக உதவும். நிரலுக்கு ஏது மனம்? ஆகவே, நிரலை எழுதியவரின் மனத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவர் 10 பிட்காயின் என எழுதியது தற்காப்புக்காகவே. பிறர் தவறைப் பயன்படுத்திக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

2019இல் சிங்கப்பூர் அனைத்துலக வணிக நீதிமன்றம் பி2சி2க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரி 24ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும், குவாய்ன் ஒப்பந்தத்தை மீறியது என்பதை 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் உறுதி செய்தது. ஆனால், அந்த நாணயங்களைக் குவாய்ன் அறக்காப்பாளராக வைத்திருந்தது என்ற முடிவை அது ஏற்கவில்லை. பிட்காயின் விலை வெகுவாக ஏறிவிட்டதால், நாணயமாகவே திருப்பித் தரும்படியும் உத்தரவிடப்படவில்லை. இழப்பீடுதான் வழி என்றானது.

மாறுபட்டவர் நீதிபதி ஜோனதன் மான்ஸ். நடந்ததை நேர்மையான வணிகர் ஒருவர் கண்டிருந்தால் தவறு என்று உடனே உணர்ந்திருப்பார். அப்படிப்பட்ட இலாபத்தை வைத்துக்கொள்ள விடலாகாது என்பது அவர் கருத்து.

அந்த வணிகங்கள் பிளாக்செயினில் எழுதப்பட்ட திறன் ஒப்பந்தங்கள் அல்ல. ஆனாலும் நிரல்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் என்பதால், அதே கேள்வி திறன் ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். கணினி சட்டத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதேசமயம், கணினிமீது பழியைப் போட்டு எளிதில் தப்பிக்கவும் முடியாது.

ஆகவே “ஒப்புக்கொள்கிறேன்” என்ற பொத்தானை அழுத்துமுன், தவறு நேர்ந்தால் வணிகத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, இழப்பை ஏற்பவர் யார் என்ற இரண்டையும் விதிமுறையில் தேடிப் பார்ப்பது நல்லது. அங்கே எழுதப்படாத பாதுகாப்பை நீதிமன்றத்தில் பெறுவது எத்தனை கடினம் என்பதைக் குவாய்ன் அனுபவித்து அறிந்தது.