பொதிகையின் மிதியடிப் பூ

புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. பொதிகை அடங்கிய அகத்தியமலைத் தொடரின் உயரச் சரிவுகளில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஓர் ஆர்க்கிட் உண்டு. பெயர், பாஃபியோபெடிலம் ட்ரூரியி. மிதியடி ஆர்க்கிட் இனங்கள் இந்தியாவில் பெரும்பாலும் வடகிழக்கு மலைகளில்தான் வாழ்கின்றன. தெற்கே இது ஒன்றுதான்.

சுமார் 1,400 மீட்டருக்கு மேல், பாறை இடுக்குகளிலும் புற்களின் நடுவிலும் இது வேர்பிடிக்கிறது. தண்டு தரையோடு படரும். காம்புக்கு ஒரே பூ. மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும். கீழிதழ் மட்டும் குழிந்து, மிதியடியின் முன்பகுதிபோல் பையாக நிற்கும்.

அந்தப் பைதான் மிதியடி ஆர்க்கிட்டுகளின் சூட்சுமம். உள்ளே தேன் கிடையாது. ஏமாந்து விழும் பூச்சியால் வழுக்கும் சுவரில் ஏறி, வந்த வழியே திரும்ப முடியாது. பின்பக்கம் உள்ள மயிர்களைப் பற்றி ஏறினால் ஒரு குறுகிய வழி. அதில் முதலில் சூல்முடி முதுகில் உரசும். வெளியேறும் இடத்தில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். இந்த வரிசையால் பூ தன் மகரந்தத்தையே ஏற்பது பெரிதும் தவிர்க்கப்படுகிறது. அதே பூச்சி இன்னொரு பூவில் விழுந்தால்தான் காய் பிடிக்கும். தூள் தூளான விதைகளில் சேமித்த உணவு இல்லை. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஆகவே ஒரு செடியைப் பிடுங்கினால் அந்த இடம் எளிதில் நிரம்புவதில்லை.

1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி இதைக் கண்டார். 1874இல் தாவரவியலாளர் பெடோம் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். பிறகு தோட்டப் பிரியர்களுக்காகச் செடிகள் மலையிலிருந்து அள்ளப்பட்டன. நெடுங்காலம் கண்ணில் படாதிருந்து, 1972இல் மறுபடி கண்டறியப்பட்டது, மறுபடியும் அள்ளப்பட்டது. இன்று இது மிக அருகிவிட்ட இனம். காட்டிலிருந்து எடுப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. காட்டுச் செடிகளின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை உள்ளது. கேரளத்தின் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவினர் ஆய்வகத்தில் கன்றுகளை வளர்த்து மலையில் நட்டிருக்கிறார்கள்.

அள்ளினால் என்ன ஆகும் என்று முத்துக்குளித்துறைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பிப் பார்களில் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இந்தப் பூவுக்கோ இருப்பது ஒரே மலை. பொதிகை ஏறுகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பறிக்க வேண்டாம். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.